கோடாலித் தைலம்: சிங்கப்பூர் விளம்பரங்களில் சின்னமும் தமிழ்ச் சொல்லும்

வேப்பெண்ணெய் என்பது வேம்பின் விதையிலிருந்து எடுக்கப்படும் எண்ணெய். விளக்கெண்ணெய் என்பது விளக்கெரிக்கப் பயன்பட்ட எண்ணெய். முன்னதில் முதற்சொல் பிறப்பைக் கூறுகிறது; பின்னதில் பயனைக் கூறுகிறது. கோடாலித் தைலத்தில் முதற்சொல் எதைக் கூறுகிறது? கோடாலியிலிருந்து தைலம் எடுக்க இயலாது. கோடாலிக்குத் தடவுவதற்காகவும் அதை எவரும் வாங்குவதில்லை. தலைவலிக்கும் வயிற்று உப்புசத்துக்கும் பயணக் குமட்டலுக்கும் தமிழர் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக எடுத்துவைக்கப்படும் அச்சிறு புட்டியின் பெயர், அதன்மேல் ஒட்டிய தாளில் உள்ள படத்தின் பெயரே.

தொகைச்சொற்களை வகுப்பில் நடத்தும் ஆசிரியர்கள் ‘தேர்ப்பாகன்’ என்பதை எடுத்துக்காட்டாகக் கூறுவது வழக்கம். தேரை ஓட்டும் பாகன் என விரித்து, ‘ஐ’ உருபும் ‘ஓட்டும்’ என்னும் பயனும் மறைந்து நிற்பதால் அதனை உருபும் பயனும் உடன்தொக்க தொகை என்போம். கோடாலித் தைலமும் அவ்வகையினதே: கோடாலியைச் சின்னமாகக் கொண்ட தைலம். ஆனால் இது புலவர் குழு எதுவும் கூடி அமைத்த சொல்லன்று. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் சேர்ந்து ஆக்கிய சொல். தைலம் என்பது திலம், அதாவது எள், என்னும் வடசொல்லின் வழி வந்தது என்பதையும், எள் துளியும் சேராத மெந்தால் கலவைக்கு அப்பெயர் அமைந்துவிட்டது என்பதையும் இங்கே சொல்லிவைக்கலாம். எள்ளின் நெய்யாகிய எண்ணெய், மண்ணெண்ணெய் வரை வந்துவிட்ட பிறகு இதற்கு வியக்க வேண்டியதில்லை.

பழைய விளம்பரங்கள் இன்று நினைவுப்பொருள்களாகிவிட்டன. துருவேறிய தகரப் பலகைகளும் காலி டப்பாக்களும் பழம்பொருள் கடைகளில் விலைபோகின்றன. உணவகச் சுவர்களில் அழகுக்காக மாட்டப்படுகின்றன. அவற்றில் உள்ள புலியையும் பால்காரியையும் திரை நடிகையையும் ஏக்கத்தோடு நினைவுகூர்வது எளிது. நாம் இங்கே கேட்க விரும்பும் வினா வேறு. கடைக்கு வந்த புதுப்பொருளுக்குத் தமிழில் பெயர் வைத்தவர் யார்? விற்றவரா, வாங்கியவரா? இதற்கான விடை சிங்கப்பூரில் கடந்த ஒரு நூற்றாண்டில் மாறியிருக்கிறது. அந்த மாற்றத்தில் நம் மொழி, பொருளுக்குத் தானே பெயரிடும் பழக்கத்தை மெல்ல மெல்ல விட்டுக்கொடுத்துவிட்டது என்பது நம் கருத்து.

கோடாலிச் சின்னத்தின் கதை சிங்கப்பூரில் தொடங்குகிறது. லியுங் யுன் சீ என்பவர் 1928-இல் நிறுவிய லியுங் காய் ஃபூக் மருந்து நிறுவனமே அதன் பிறப்பிடம். எல்லா வீட்டிலும் இருக்கும் கருவி, எவரும் பார்த்தவுடன் அறியும் வடிவம் என்பதால் கோடாலி தேர்ந்துகொள்ளப்பட்டது என்பர். இதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர், 1926-இல், ஆவ் பூன் ஹாவ் தம் மருந்துத் தொழிலை இரங்கூனிலிருந்து சிங்கப்பூருக்குக் கொண்டுவந்திருந்தார். அவர் பெயரில் உள்ள ‘ஹாவ்’ என்பதற்குப் புலி என்று பொருள். தம்பி பூன் பாரின் பெயரில் உள்ள ‘பார்’ சிறுத்தையைக் குறிக்கும். முதலாளியின் பெயர் படமாயிற்று. படம் களிம்புச் சிமிழின் மேல் ஏறிற்று. புலித்தலை பொருத்திய மோட்டார் வண்டியில் அவர் ஊரை வலம்வந்தார். 1929-இல் சின் சியூ ஜிட் போ என்னும் சீன நாளிதழைத் தொடங்கினார். தம் மருந்துகளை விளம்பரப்படுத்துவதும் அதன் நோக்கங்களுள் ஒன்று. பிறர் இதழில் இடம் வாங்குவதைவிட இதழையே நடத்திவிடலாம் என்ற அந்தத் துணிவை விளம்பர வரலாற்றில் வேறெங்கும் எளிதில் காண இயலாது. 1937-இல் பாசிர் பாஞ்சாங்கில் எழுந்த ஹாவ் பார் வில்லாவும் புலித் தைலத்தின் பெயரால் அறியப்பட்ட தோட்டமே. 1932-இல் மலாயன் புருவரீஸ் நிறுவனம் தன் பீருக்கும் புலியையே சூட்டியது. ஆகவே மருந்துச் சிமிழிலும் மதுப்புட்டியிலும் ஒரே விலங்கு நின்றது. இரண்டையும் பிரித்தறிய வாங்குவோர் ஒருநாளும் இடர்ப்பட்டதாகத் தெரியவில்லை.

படம் ஏன் இவ்வளவு வேலை செய்தது? சிராங்கூன் சாலையில் அக்காலத்தில் நின்று பார்த்தால் விடை கிடைத்திருக்கும். ஐந்தடிப் பாதையில் (அஞ்சடி என்பதே நம்மவர் வழக்கு) ஒரே கடையின் முன் தமிழரும் ஹொக்கியன், தியோச்சியு பேசும் சீனரும் மலாய்க்காரரும் பஞ்சாபியரும் நின்றனர். ஒரு மொழியில் எழுதிய பெயரை மற்ற மூவர் படிக்க இயலாது. தத்தம் மொழியிலேயே படிக்க இயலாதவரும் பலர். படத்தை எல்லாரும் படித்தனர். அதே படத்தை ஒவ்வொருவரும் தம் மொழியில் உச்சரித்தனர் என்பதுதான் இங்கே சிறப்பு. மலாய்க்காரர் ‘மின்யாக் சாப் காப்பாக்’ என்றனர்; காப்பாக் என்பது கோடாலி. சீனத்திலும் கோடாலிச் சின்னம் என்றே பொருள்படும் பெயர் வழங்கியது. தமிழர் கோடாலித் தைலம் என்றனர். மூன்றும் ஒன்றன் மொழிபெயர்ப்பு மற்றொன்று அல்ல. மூன்றும் மூலங்கள்.

எருமைச் சாலைப் பக்கம் தமிழ்ப் பால்காரர்கள் மாடு கறந்து வீடுவீடாகப் பால் ஊற்றிய நாளிலேயே, கடைப் பலகையில் தலையில் பால்குடம் சுமந்த ஐரோப்பியப் பால்காரியின் படம் போட்ட கட்டிப்பால் டப்பாக்கள் அடுக்கப்பட்டிருந்தன. அந்தப் படத்தைப் பார்த்துச் சிரித்திருக்கக்கூடிய உரிமை சிராங்கூன் பால்காரர்களுக்கு உண்டு.

படத்தால் வணிகம் செய்வது சிங்கப்பூரின் கண்டுபிடிப்பு அன்று. காவிரிப்பூம்பட்டினத்துக் கள் விற்கும் கடைகளின் கொடிகளைப் பட்டினப்பாலை கூறுகிறது. கொடியைக் கண்டு கடையை அறிந்தனர். இங்கிலாந்தில் 1875-இல் வணிகச் சின்னப் பதிவுச் சட்டம் வந்தது. 1876-ஆம் ஆண்டின் முதல் நாளில் முதல் சின்னமாகப் பதிவானது பாஸ் மதுவாலையின் சிவப்பு முக்கோணம். மான்செஸ்டர் ஆலைகள் இந்தியாவுக்கு அனுப்பிய துணிக்கட்டுகளின்மேல் இந்துக் கடவுளரும் யானைகளும் அரசிகளும் வண்ண அச்சில் ஒட்டப்பட்டு வந்தனர். துணியைவிட அச்சீட்டை விரும்பி எடுத்துவைத்த வீடுகளும் இருந்தன.

இந்த வணிகத்தோடு ஒரு சொல்லும் பயணம் செய்தது. இந்தியில் அச்சு, முத்திரை என்று பொருள்படும் ‘சாப்’ என்பது கீழைக் கடல் வணிகத்தின் வழியே மலாய்க்குச் சென்று ‘சாப்’ எனவே நின்றது. காலனித்துவ ஆங்கிலத்தில் ‘சோப்’ ஆயிற்று. தமிழில் ‘சாப்பா’ என அகராதி ஏறியது. நிறுவன முத்திரையைச் ‘சாப்’ என்பது இன்றும் சிங்கப்பூரில் வழங்குகிறது. உணவங்காடி நிலையத்தில் மெல்லிழைத்தாள் பொட்டலத்தை மேசைமேல் வைத்து இடம் பிடிப்பதை இளையோர் ‘சோப்’ பண்ணுவது என்கின்றனரே, அதுவும் இச்சொல்லின் கிளை என்பர். அப்படியானால், காலிமேசையில் கிடக்கும் அந்தப் பொட்டலம் ஒரு முத்திரை. தமிழ்நாட்டில் சாப்பாவை ஆங்கில ‘மார்க்’ பின்தள்ளியது. அதற்கு ஓர் உகரம் சேர்த்து ‘மார்க்கு’ ஆக்கிக்கொண்டு, புலி மார்க்கு, யானை மார்க்கு என எந்தப் பெயரோடும் ஒட்டவைத்தோம். பின்னர் அந்த ஒட்டும் உதிர்ந்தது. கோடாலி மார்க்குத் தைலம் கோடாலித் தைலம் ஆயிற்று. வேற்றுமைத் தொகை தமிழில் செத்த இலக்கணம் அன்று என்பதற்கு மாணவர்களிடம் காட்ட இதைவிட நல்ல சான்று நமக்குக் கிட்டவில்லை.

படம் எல்லார்க்கும் பொது எனினும் அதன் பொருள் பொதுவன்று. நாட்டிங்ஹாமில் 1851-இல் வில்லியம் உட்வர்ட் உருவாக்கிய கிரைப் வாட்டர் மருந்தின் சின்னம், பாம்பைப் பிடித்து நெரிக்கும் குழந்தை. அது கிரேக்கப் புராணத்து எர்க்குலிஸ். நம் பாட்டிமார் எர்க்குலிஸை அறியார். பாம்போடு விளையாடும் குழந்தை என்றவுடன் அவர்கள் கண்முன் வரக்கூடியவன் காளியனை அடக்கிய கண்ணனே. விற்றவர் நினைத்த கதை ஒன்று, வாங்கியவர் படித்த கதை மற்றொன்று. ஆயினும் மருந்து விற்றது. வாங்குவோர் தம் கதையைத் தாமே கட்டிக்கொள்ள இடம் விட்டதே அக்காலச் சின்னங்களின் வலிமை என்று கூறத் தோன்றுகிறது.

கோடாலித் தைலம் என்னும் சொல் தமிழ்நாட்டுக்குக் கப்பலில் சென்றது. சென்னையையும் நாகப்பட்டினத்தையும் பினாங்கு, சிங்கப்பூரோடு இணைத்த ‘ரஜூலா’ ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடியது, அதன்பின் ‘எம்.வி. சிதம்பரம்’ வந்தது. ஊர் திரும்பியவர்களின் பெட்டிகளில் கைலியும் சவர்க்காரமும் தைலப்புட்டிகளும் இருந்தன. அறந்தாங்கியிலோ பட்டுக்கோட்டையிலோ அப்புட்டியைப் பெற்றுக்கொண்ட உறவினர் எந்த விளம்பரத்தையும் கண்டதில்லை. கொடுத்தவர் சொன்ன பெயரும் புட்டியின் படமும் ஒன்றாக இருந்தன, அதுவே போதுமாயிற்று. எதிர்த்திசையிலும் விளம்பரம் நடந்தது. இலங்கை வானொலியில் மதுரைக் கோபால் பல்பொடியின் விளம்பரத்தைக் கேட்டு வளர்ந்தவர்கள், அது புகழ்பெற்றுள்ள நாடுகளின் வரிசையில் சிங்கப்பூரும் சொல்லப்பட்டதை மறந்திருக்கமாட்டார்கள். அங்கே நடிகர் தேவைப்படவில்லை. நம் ஊரின் பெயரே சான்றுரைக்கும் நட்சத்திரமாக நின்றது. ரோஜா நிறப் பல்பொடிக்கு நற்சான்று வழங்கிய அந்தப் பெருமையைச் சிங்கப்பூர் அறிந்ததோ என்னவோ!

இனி அச்சுக்கு வருவோம். சிங்கப்பூரில் 1887 முதல் 1890 வரை ‘சிங்கை நேசன்’ வெளிவந்தது. 1935 ஜூலையில் ‘தமிழ் முரசு’ பிறந்தது. விளம்பரம் என்னும் சொல்லுக்கு அடியான ‘விளம்புதல்’ சொல்லுதலையும் குறிக்கும், பரிமாறுதலையும் குறிக்கும். குமரி மாவட்டத்தில் இன்றும் சோறு விளம்புகிறார்கள். முரசு என்பதோ ஊரறியச் சொல்லும் கருவி. விளம்பரத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயருடைய இதழ் அமைவது அரிது. ஆயினும் அக்காலத் தமிழ் விளம்பரங்களின் நடை கோ. சாரங்கபாணியின் இதழ் வளர்க்க விரும்பிய தமிழாக எப்போதும் இருந்ததில்லை. பொதுவாக 1930, 1940-களின் தமிழ் விளம்பரங்களில் தேகாரோக்கியம் உண்டு, சௌந்தரியம் உண்டு, உபயோகம் உண்டு. தலையங்கங்களும் சங்கக் கூட்டங்களும் தமிழுக்கு மாறியபின் விளம்பரங்களும் மாறின. உடல்நலம், அழகு, பயன்பாடு எனச் சொற்கள் இடம்பெயர்ந்தன. இந்த மாற்றத்தை ஆண்டுவாரியாக அளக்க விரும்பும் ஆய்வு மாணவர்க்குத் தேசிய நூலக வாரியம் மின்னிலக்கமாக்கியுள்ள தமிழ் முரசுப் பக்கங்கள் கைக்கெட்டும் தொலைவில் உள்ளன. தலையங்கத்தைத் தேடிப் படிப்பவர் பலர். அதன் பக்கத்திலுள்ள பற்பசை விளம்பரத்தைப் படிப்பவர் சிலரே. சொல்வழக்கின் வரலாற்றுக்கு இரண்டாவது குறைந்ததன்று. எழுதியவரின் கொள்கைக்காக அன்றி வாங்குவோரின் காதுக்காக எழுதப்பட்டது அது.

நட்சத்திரங்கள் நுழைந்தது இந்தப் பக்கங்களில்தான். புகழ்பெற்ற முகத்தைச் சோப்புக்குத் துணையாக நிறுத்தும் வழக்கம் இங்கிலாந்தில் 1880-களிலேயே உண்டு. பியர்ஸ் சோப்புக்கு நாடக நடிகை லில்லி லாங்ட்ரி சான்றுரைத்தார். லக்ஸ் அதை ஹாலிவுட்டுக்குக் கொண்டுசென்றது. இந்தியாவில் 1941-இல் லீலா சிட்னிஸ் அச்சோப்பின் முதல் இந்தியத் திரைமுகமானார். பின்னர் பத்மினி, சாவித்திரி, சரோஜாதேவி எனத் தமிழ்த்திரையின் முன்னணி நடிகையர் வந்தனர். சென்னையிலிருந்து கப்பலேறி வந்த ஆனந்த விகடனும் கல்கியும் பேசும் படமும் சிராங்கூன் சாலைக் கடைகளில் கயிற்றில் தொங்கின. அவற்றின் பின்னட்டைகளில் அம்முகங்களும் தொங்கின. டைமண்ட், ராயல் திரையரங்குகளில் இரவுக்காட்சியில் கண்ட நடிகையைக் காலையில் கடைவாசலில் காணலாம்.

ஆனால் மொழி நோக்கில் நட்சத்திரம் சின்னத்துக்கு நேர்மாறானது. புலியை நான்கு இனத்தாரும் பார்த்தனர். நான்கு பெயர் வைத்தனர். பத்மினியைத் தமிழ்ப்படம் பார்த்தவர் மட்டுமே அறிவர். சீனருக்குச் சீன நடிகை, மலாய்க்காரருக்கு மலாய் நடிகை, தமிழருக்குத் தமிழ் நடிகை என விளம்பரம் தன் வாடிக்கையாளரை மொழிவாரியாகப் பிரித்து உட்காரவைத்தது. இதைக் குறையாக மட்டும் காண வேண்டியதில்லை. அதுவரை படத்தின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்த தமிழ், இப்போது முழுப்பத்தியாக எழுதப்பட வேண்டியதாயிற்று. நடிகை தன்மையில் பேசினார். கீழே கையொப்பம் இருந்தது. திரையில் ‘எனக்கு வேணாம்’ என்ற அதே பெண், தாளில் ‘நான் எப்பொழுதும் உபயோகிக்கிறேன்’ என்றார். எழுத்துத்தமிழில் பேசும் அந்த நடிகையின் குரலை எந்தத் திரையரங்கும் ஒலித்ததில்லை. ஆங்கில மூலம் ஒன்று அதன் பின்னால் நின்றது என்பதைச் சொற்றொடரின் நடையே காட்டிக்கொடுத்தது.

இங்கே ஓர் ஒப்பீடு வேண்டும். எம். கே. தியாகராஜ பாகவதர் போலத் தோள்வரை முடி வளர்த்ததை மக்கள் ‘பாகவதர் கிராப்பு’ என்றனர். எம். எஸ். சுப்புலட்சுமி உடுத்திய நீலப்பட்டு, காஞ்சிபுரத்து நெசவாளர் ஒருவரின் தறியிலிருந்து வந்து, ‘எம்.எஸ். நீலம்’ எனப் பெயர்பெற்றது; சிராங்கூன் சாலைத் துணிக்கடைகளிலும் அப்பெயரைச் சொன்னால் போதும். இவ்விருவருக்கும் அப்பெயர்களுக்காக எவரும் பணம் தந்து ஒப்பந்தம் செய்யவில்லை. இரண்டும் கோடாலித் தைலத்தின் தம்பி தங்கையரே, அதே தொகை அமைப்பு. அதற்கு மாறாக, அத்தனை நடிகையர் சேர்ந்து சான்றுரைத்தும் லக்ஸ் என்பது தமிழில் லக்ஸாகவே நின்றது. பத்மினி சோப்பு என்றோ சாவித்திரி சோப்பு என்றோ ஒரு பெயர் எழவில்லை. பெயர் ஏற்கெனவே எழுத்தாக அச்சிடப்பட்டு, நடிகையின் வாயில் வைக்கப்பட்டு வந்துவிட்டது. வாங்குவோருக்குப் பெயரிடும் வேலை மிஞ்சவில்லை.

தொலைக்காட்சி 1963 பிப்ரவரியில் சிங்கப்பூரில் தொடங்கியது. மறு ஆண்டு விளம்பரங்களை ஏற்றது. நான்கு மொழிக்கும் இடமிருந்தது என்றாலும் தமிழுக்கு நேரம் குறைவு. 2008-இல்தான் வசந்தம் தனி ஒளிவழி ஆயிற்று. இதற்கிடையில் தமிழ்நாட்டுத் தொலைக்காட்சி விளம்பரங்கள் பேச்சுத்தமிழுக்குக் கதவைத் திறந்துவிட்டிருந்தன. நரசுஸ் காப்பியை உறிஞ்சியவர் ‘பேஷ் பேஷ்’ என்றது ஒரு வட்டார, சமூகக் கிளைமொழியை நாடறியச் செய்தது. எழுத்துத்தமிழ் பேசிய அச்சு நடிகையோடு இதை ஒப்பிட்டால் இடையில் நேர்ந்த தொலைவு விளங்கும்.

சிங்கப்பூரில் அக்காலத்தின் பெரிய விளம்பரதாரர்களுள் ஒன்று அரசாங்கம். 1968-இல் தூய்மை இயக்கம், 1972-இல் இரண்டு குழந்தை இயக்கம், 1979-இல் பண்புடன் பழகுதலை வலியுறுத்திய இயக்கம் எனச் சுவரொட்டிகள் நான்கு மொழிகளில் வரிசையாக வந்தன. 1982-இல் உற்பத்தித்திறனுக்கு ‘டீமி’ என்னும் தேனீயும், பண்புக்குச் ‘சிங்கா’ என்னும் சிங்கமும் தோன்றின. சிங்கா நமக்குச் சுவையான பெயர். மலாயில் ‘சிங்கா’ சிங்கம்; இரண்டுக்கும் வேர் வடமொழி. ஆகவே தமிழ்க்குழந்தைக்கும் மலாய்க்குழந்தைக்கும் அப்பெயரை மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை. ஆனால் தமிழ்க்காது இன்னொன்றையும் கேட்கும். முருகனை விளித்தால் முருகா. அதுபோலச் சிங்கா என்பது சிங்கனை விளிப்பதாகும். சிங்கனோ குற்றாலக் குறவஞ்சியில் சிங்கியைத் தேடி அலைபவன். பண்பு கற்பிக்க வந்த சிங்கத்தின் பெயருக்குள் ஒரு குறவஞ்சிக் காதலன் ஒளிந்திருந்ததை அதை வரைந்தவர்கள் எண்ணியிருக்க மாட்டார்கள். முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 2013-இல், களைத்துப்போனதாகக் கூறிச் சிங்கா வேலையிலிருந்து விலகுவதாக ஒரு கடிதம் வெளியாயிற்று. அதுவும் விளம்பரமே.

இந்த நான்குமொழிச் சுவரொட்டிகள் தமிழுக்குப் பொதுவெளியில் சம இடம் தந்தன. அதன் அருமையை, தமிழ் கண்ணில் படாத நாடுகளுக்குச் சென்று திரும்பியவர் அறிவர். எனினும் இடம் கிடைத்தபோது முறை மாறிவிட்டது. முன்பு படம் வந்தது, சொல்லை நாம் வைத்தோம். இப்போது சொல் ஆங்கிலத்தில் முதலில் முடிவாகி, படம் அதற்கேற்ப வரையப்பட்டு, தமிழ் கடைசியில் அழைக்கப்பட்டது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விளம்பர நிறுவனம், நான்குமொழிச் சுவரொட்டி ஒன்றின் தமிழ்ப்பகுதியைப் பார்வையிட நம்மிடம் அனுப்பியது. ஆங்கில வரி இரட்டுற மொழிதலால் அமைந்திருந்தது. படமும் அந்த இரட்டைப் பொருளையே வரைந்து காட்டியது. தமிழ் வரியோ ஒரு பொருளைக் கூறிவிட்டு மற்றதைப் படத்திடம் விட்டிருந்தது. படிப்பவருக்குப் படம் ஏன் அங்கே இருக்கிறது என்பது விளங்காது. அத்துடன் ஒற்றைக்கொம்புகள் தம் எழுத்தை விட்டு விலகி வேறோர் எழுத்தின் தோளில் ஏறியிருந்தன. எழுத்துகளைச் சரிசெய்தோம். வரிக்கு மாற்றாகத் தமிழ்ச்சிலேடை ஒன்றும் எழுதி, அதற்குப் படத்தில் சிறுமாற்றம் வேண்டும் என்றும் குறித்தோம். எழுத்துத் திருத்தங்களுக்கு நன்றி தெரிவித்தார்கள். படம் ஏற்கெனவே இறுதியாகிவிட்டது என்றார்கள். பணிவாகவே சொன்னார்கள். அவர்கள்மீது நமக்குச் சினமில்லை. தமிழை அழைத்த நேரம் பிழையானது, அவ்வளவே. பொது அறிவிப்புகளில் நேரும் தமிழ்ப்பிழைகளைக் கண்டு நாம் கொதிக்கிறோம், கொதிப்பது சரியே. ஆனால் பிழையே இல்லாத, எவர் மனத்திலும் ஒட்டாத தமிழ் வரி ஒன்றும் இழப்புதான். அதைக் கண்டு எவரும் ஆசிரியருக்குக் கடிதம் எழுதுவதில்லை.

மெர்லயனை எடுத்துக்கொள்வோம். 1964-இல் சுற்றுலாக் கழகத்துக்காகப் பிரேசர் புரூனர் வரைந்த சின்னம், 1972-இல் சிலையாகி நீர் உமிழத் தொடங்கியது. சிங்கத்தலையும் மீனுடலும் கொண்ட அதற்குச் சிங்கமீன் என்றோ மீன்சிங்கம் என்றோ பெயர் வைக்கத் தமிழுக்கு ஒரு நிமிடம் போதும். யானைத்தலையும் சிங்கவுடலும் சேர்ந்த உருவத்துக்கு யாளி என்று பெயரிட்டுக் கோயில் தூண்தோறும் நிறுத்தியவர்கள் நாம். ஆயினும் மெர்லயன் என்றே எழுதுகிறோம். 1928-இல் ஒரு புட்டியைப் பார்த்துக் கோடாலி என்று சொல்லும் துணிவு இருந்தது. 1972-இல் ஒரு சிலையைப் பார்த்துச் சிங்கமீன் என்று சொல்லும் துணிவு இல்லை. பள்ளி செல்லாதவர்கள் அப்பெயரை வைத்தார்கள்; பள்ளியும் பல்கலைக்கழகமும் கண்ட நாம் எழுத்துப்பெயர்க்கிறோம். ‘நாம்’ என்பதில் இதை எழுதுபவரும் அடக்கம்.

2010-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுவோர் குடியிருப்பாளர்களில் 3.3 விழுக்காடு, 2020-இல் அது 2.5 விழுக்காடு. இவ்வெண்களை விளம்பரத்தால் உயர்த்திவிடலாம் என்று நாம் கருதவில்லை. ஆனால் ஒரு மொழி வீட்டிலிருந்து கடைக்கும் கடையிலிருந்து வீட்டுக்கும் நடந்துகொண்டிருந்தால்தான் அதன் கால்கள் மரத்துப்போகா. வகுப்பறைக்கு மட்டும் நடக்கும் மொழிக்கு அவ்வழக்கம் போதாது.

நாளிதழ்கள் காக்கப்பட்டுவிட்டன. ஆனால் மாவு மில்களின் மசாலாப் பைகள், பொடி டப்பாக்களின் மூடிகள், சேலைப்பெட்டிகளின் மேல்தாள்கள், ஊதுபத்திக் கட்டுகளின் சீட்டுகள் ஆகியவற்றை எந்த நூலகமும் முழுமையாகச் சேர்த்ததில்லை. ஆசிரியர்கள் தம் மாணவர்களைத் தாத்தா பாட்டியிடம் அனுப்பி, ஐந்து பொருள்களுக்குக் கடையில் என்ன பெயர் சொல்லிக் கேட்டார்கள் என எழுதிவரச் செய்யலாம். அட்டையில் அச்சான பெயர் ஒரு பத்தியிலும் வாயில் வழங்கிய பெயர் மறு பத்தியிலும் இருக்கட்டும். இரண்டும் வேறுபடும் இடங்கள் அனைத்தும் மொழியியலாளருக்கு விருந்து.

அண்மையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, தேக்கா அருகே ஒரு சிறு கடையில் நின்றிருந்தோம். ஊருக்குக் கிளம்பும் இளைஞர் ஒருவர், கட்டுமான வேலைக்கு வந்தவர் போலும், பெட்டி நிரப்பப் பொருள் வாங்கிக்கொண்டிருந்தார். சாக்லேட், சோப்பு, டார்ச்சு விளக்கு எல்லாம் எடுத்துவைத்தபின், ‘அண்ணே, கோடாலி ஒரு டஜன் குடுங்க’ என்றார். தைலம் என்ற சொல்லும் உதிர்ந்துவிட்டது. சின்னத்தின் பெயர் பொருளுக்கே ஆகிவந்திருக்கிறது. இலக்கணத்தில் இதற்கு ஆகுபெயர் என்று பெயர். கடைக்காரர் தலை நிமிராமல், ‘பெருசா, சின்னதா?’ என்று கேட்டார்.